மூன்று மாத உத்தரவாதப் பாட்டு

கோடையில் ஜனங்கள் எந்தப் பாட்டை முணுமுணுக்க வேண்டும் என்பதை அந்த வானொலி நிலையம் குளிர்காலத்திலேயே முடிவு செய்துவிடும். அதற்கென்று ஒரு குழு உண்டு. பெயர் 'கோடைகால மகிழ்ச்சிக் குழு'. ஏழு பேர். ஏழு பேரும் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கம்பளிச் சட்டையும் வெந்நீருமாக உட்கார்ந்து, வரப்போகிற வெயிலுக்கு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அது கோடை முழுக்க மூன்று வேளையும் ஒலிபரப்பாகும், டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி. கோடை முடிந்ததும் அதே பாட்டுக்கு 'மக்கள் மனம் கவர்ந்த பாடல்' என்று சான்றிதழும் கொடுப்பார்கள்.

பத்து வருடமாக அந்தச் சான்றிதழ் குழுத் தலைவர் எழுதிய 'மிதமாய் வருக கோடையே' என்ற பாட்டுக்கே கிடைத்து வந்தது. அப்படி ஒரு பாட்டு இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அது ஓடும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள்.

இந்த நிலையத்தில்தான், போன் எடுக்கிற அக்கா என்பதால் எல்லாருக்கும் போனக்கா ஆகிவிட்டவள் வேலை பார்த்தாள். 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சி காலை பத்து முதல் பதினொன்று வரை. ஜனங்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள். அவள் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, நிகழ்ச்சி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, கண்ணாடிச் சுவரில் இருக்கும் துவாரம் வழியாக அந்தப் பக்கம் தள்ளுவாள். அந்தப் பக்கம் இருக்கும் அறிவிப்பாளர் அதைக் கணீரென்று படிப்பார். அவருக்கு வெண்கலம் என்று பெயர். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டாலே ஏதோ தேர்தல் முடிவை அறிவிப்பது போல இருக்கும்.

போனக்கா பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். இந்த நிலையத்தில் அது ஒரு தனி ஜாதி. நிரந்தரப் பணியாளருக்கு நாற்காலி, தற்காலிகத்துக்கு ஸ்டூல். சாய்ந்து உட்கார்ந்தால் நிரந்தரம் என்ற நினைப்பு வந்துவிடும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறதாம். தற்காலிகப் பணியாளர் எழுதும் சீட்டு தானாகச் செல்லாது, அதிகாரி கையெழுத்து வேண்டும். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு ஏழு மேஜை தாண்டி இந்த வருடம்தான் இயக்குநர் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. அவள் முதுகுவலிக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் குழுத் தலைவர் அறை ஏசி பழுதானது.

ஏசி மெக்கானிக் வந்தான். முப்பது வயசு, கை நிறையக் கிரீஸ், வாய் நிறையப் பாட்டு. கொஞ்ச காலம் துறைமுகத்தில் ஒரு கப்பலின் குளிர் அறையைப் பழுது பார்த்தவன். அந்தக் கப்பலின் சமையல்காரன் கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் லத்தீன் அமெரிக்காக்காரன். வெட்டுகிற காயைக்கூடத் தாளம் போட்டு வெட்டுவானாம். அவனிடமிருந்து அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, சிநேகிதர்களின் கிட்டாரையும் ட்ரம்பெட்டையும் சேர்த்து, காலி பிரிட்ஜ் டப்பாவையே மேளமாக அடித்து, இவன் ஒரு பாட்டு பதிவு செய்திருந்தான். வேலை செய்யும்போது கேட்பதற்காக அந்த சிடியைக் கொண்டுவந்தவன், போகும்போது வேலைச் சீட்டோடு சேர்த்துக் கிளிப் போட்டுத் தலைவர் மேஜையில் மறந்து வைத்துவிட்டான்.

வேலைச் சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'சோதித்துப் பார்க்கப்பட்டது. நன்றாக ஓடுகிறது. சத்தம் கொஞ்சம் கூடுதல், பயமில்லை. மூன்று மாத உத்தரவாதம்.'

தலைவர் மேஜையில் இருப்பதையெல்லாம் வலப்புறமிருந்து இடப்புறமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறவர். படிப்பது கீழ்நிலை ஊழியர் வேலை என்பது அவர் கொள்கை. கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது, சிடி இசை நூலகத்துக்குப் போனது. நூலகர் பார்த்தார். இத்தனை வருடத்தில் குழு இவ்வளவு தெளிவாக ஒரு பாட்டைப் பாராட்டி அவர் பார்த்ததில்லை. மறுநாளே ஒலிபரப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

பத்தேகாலுக்குப் பாட்டு வந்தது. முதலில் கிட்டார், அப்புறம் அந்தப் பிரிட்ஜ் டப்பா, அப்புறம் தூங்குகிறவனைக் காதைப் பிடித்து எழுப்புகிற ஒரு ட்ரம்பெட். 'வேர்த்தா என்ன, வாமோஸ்! வேலை கிடக்கட்டும், வாமோஸ்!' என்று மெக்கானிக் பாடினான். பத்து இருபதுக்கு போன் அடித்தது. அதன் பிறகு அது அடிப்பதை நிறுத்தவே இல்லை.

"அக்கா, இப்ப ஒண்ணு போட்டீங்களே, அதை மறுபடி போடுங்க."

"பேரு தெரியலைங்க. அந்த வாமோஸ் வாமோஸ்னு வருமே, அது."

"ஹலோ, நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுறேன். ஆறாம் நம்பர் பெட்ல ஒருத்தர் ஒரு வாரமா யாரோடயும் பேசல. இப்ப ரேடியோவைச் சத்தமா வைன்னு சொல்றாரு. போடுவீங்களா?"

பத்து நாளில் ஊர் அந்தப் பாட்டின் கைக்குள் போய்விட்டது. தார் போடுகிறவர்கள் அதே தாளத்துக்குத் தார் கொட்டினார்கள். சலூனில் கத்தரிக்கோல் அப்படியே வெட்டியது, இரண்டொரு காது தப்பியது அதிர்ஷ்டம். போனக்காவின் கணவன் பஸ் டிரைவர். அவன் பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள்கூட அந்தப் பாட்டு வந்தால் அது முடிகிற வரை சண்டையை ஒத்திப் போட்டார்கள்.

தினமும் சரியாகப் பத்து இருபத்தெட்டுக்கு ஒரு பெண் பேசுவாள். தையல் ஆலையில் வேலை.

"அக்கா, எங்களுக்கு டீக்கு ஏழு நிமிஷம் விடுவாங்க. நாங்க நாப்பது பேரு. பாட்டு மூணே முக்கால் நிமிஷம். சரியா பத்தரைக்குப் போட்டீங்கன்னா ஆடிட்டு, மிச்சத்துல டீ குடிச்சுக்குவோம்."

"டீ ஆறிடாதா?"

"ஆறினா ஆறட்டும்க்கா. ஆறாம கெடக்குறது எங்க உடம்புதான்."

போனக்கா தினமும் பத்து இருபத்தொன்பதுக்கு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நிகழ்ச்சி அதிகாரியிடம் ஓடினாள். அவர் கையெழுத்துப் போடும்போதே வலது கால் தாளம் போடும். அது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவருக்கு விஷயம் மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. அவர் வானொலி கேட்பதில்லை. வீட்டில் அவர் பேத்தி 'வாமோஸ்' என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தை மூடியபோதுதான் நாட்டில் ஏதோ தப்பு நடக்கிறது என்று புரிந்தது. உடனே அவசரக் கூட்டம். பேச்சைக் குறிப்பெடுக்கப் போனக்காவையும் ஸ்டூலோடு கூப்பிட்டார்கள்.

தலைவர் எழுந்து பேசினார். "நண்பர்களே, ஒரு பாட்டு மக்களுக்குப் பிடித்துவிட்டது என்றாலே அதன் தரத்தைப் பற்றி நமக்குச் சந்தேகம் வர வேண்டும். என் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம். ஒருவர், ஒரே ஒருவர் அதை விரும்பிக் கேட்டதுண்டா? கிடையாது! அதில்தான் அதன் தூய்மை இருக்கிறது. மக்கள் விருப்பம் என்பது மக்களிடம் விட்டுவிடக்கூடிய விஷயமல்ல."

ஆறு பேரும் மேஜையைத் தட்டினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்கள் ஆடுகிறவர்களுக்கே கூடம் கோணல் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள்.

பாட்டில் கவர்ச்சி இருக்கிறதா என்று அதிகாரபூர்வமாகக் கண்டறிவதற்காகக் குழு அதைப் பதினான்கு முறை கேட்டது. குறிப்பேட்டில் தலைவர் சொல்லச் சொல்லப் போனக்கா எழுதினாள்: 'ஒன்பதாம் முறை, உறுப்பினர் ஒருவரின் தோள் அசைந்தது. விளக்கம் கோரப்பட்டது. கழுத்துச் சுளுக்கு என்றார். பதினொன்றாம் முறை, மூன்று உறுப்பினர்களுக்குச் சுளுக்கு. பதினான்காம் முறை, கவர்ச்சி எதுவும் இல்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இன்னொரு முறை கேட்கலாம் என்ற உறுப்பினரின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.'

அடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவன் ஏசிதான் மறுபடி பழுது என்று நினைத்து ஸ்பானரோடு வந்தான்.

"வாமோஸ் என்றால் என்ன பொருள்?" என்றார் தலைவர்.

"வா, போலாம்னு அர்த்தம் சார்."

"எங்கே?"

"எங்கயாச்சும்."

"எங்கே போவது என்று தீர்மானிக்காமல் பொதுமக்களை ஒட்டுமொத்தமாகக் கிளப்பிவிடுகிறீர். சரி, 'வேலை கிடக்கட்டும்' என்று வருகிறதே, அது யாருடைய வேலை?"

"என் வேலைதான் சார். அன்னிக்கு நான் லீவு."

"விடுப்பு விண்ணப்பம் எங்கே?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான். கதவோரம் ஸ்டூலில் இருந்த போனக்காவைப் பார்த்து, "இவங்கல்லாம் யாருக்கா? எங்க முதலாளிகூட இவ்வளவு கேக்க மாட்டாரே," என்றான். அதையும் குறிப்பில் எழுதுவதா வேண்டாமா என்று போனக்கா யோசித்தாள். எழுதிவிட்டாள்.

பாட்டைத் தடை செய்துவிடலாம் என்று கோப்பை எடுத்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. பாட்டுக்குத் தலைவர் கையெழுத்தோடு மூன்று மாத உத்தரவாதம் இருந்தது. உத்தரவாதக் காலத்தில் நிறுத்தினால், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று தலைவரே எழுதித் தர வேண்டும். அவர் எழுதித் தருவாரா? அதற்குப் பதிலாகத் திருத்தினார்கள். 'வாமோஸ்' என்பது 'புறப்படுவோமாக' ஆனது. 'வேலை கிடக்கட்டும்' என்பது 'வேலை முடிந்த பின்னர்' ஆனது. ட்ரம்பெட்டை எடுத்தார்கள், பிரிட்ஜ் டப்பாவை எடுத்தார்கள், வேகத்தைப் பாதியாக்கினார்கள். பாடுவதற்கு நிலையத்தின் சேர்ந்திசைக் குழு வந்தது. வந்தவர்கள் எல்லாருமே ஓய்வுபெறும் வயதில் இருந்தார்கள். திருத்திய பாட்டு ஒலிபரப்பான அன்று அறுபது போன் வந்தது. அறுபது பேரும் இறந்தது யார் என்று கேட்டார்கள்.

வேறு வழியில்லாமல் மூலப் பாட்டையே உத்தரவாதம் முடிகிற வரை ஓடவிட்டார்கள். தொண்ணூறாம் நாள் முடிந்ததும் சிடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். 'நேயர் விருப்பத்தில் இப்பாடலுக்கான சீட்டுகளில் எந்த அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது' என்று சுற்றறிக்கை வந்தது. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. தையல் ஆலைப் பெண் தினமும் கேட்டாள். போனக்கா தினமும், "இன்னிக்கு இல்லம்மா," என்றாள்.

கோடை முடிகிற வாரம் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். இயக்குநர் நல்லவர். நல்லவராக நடந்துகொள்ள எந்த விதியிலும் இடமில்லாததால் அதை அவர் அலுவலக நேரத்தில் வெளியே காட்டுவதில்லை. மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது.

"இது உன் நிரந்தர உத்தரவு. நான் கையெழுத்துப் போட வேண்டியது. இது வருடாந்திர அறிக்கை. நீ போட வேண்டியது. வழக்கமானதுதாம்மா."

அறிக்கையில் ஒரே வரி: 'இக்கோடையில் நேயர்கள் விரும்பிக் கேட்ட ஒரே பாடல் மிதமாய் வருக கோடையே. வேறெந்தப் பாடலையும் எவரும் கேட்கவில்லை எனத் தொலைபேசியில் பேசிய நான் உறுதியளிக்கிறேன்.'

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களே சார்."

"பத்து வருஷமா போட்டிருக்கியே?"

"போட்டேன் சார். தப்புதான். அப்பல்லாம் யாரும் எதையும் உயிரா கேக்கல, நானும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன். இந்த வருஷம் கேட்டாங்களே."

"யோசிச்சு நாளைக்குச் சொல்லு," என்றார் இயக்குநர். அவர் பார்வை அவள் மேல் இல்லை.

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"போட்டா என்ன, போடலைன்னா என்ன?"

"போட்டா நிரந்தரம். போடலைன்னா வீட்டுக்குத்தான். பதினோரு வருஷங்க! அந்த ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து என் இடுப்பே போச்சு. ஒரு கையெழுத்து. யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது. போட்டுடு."

அவள் அவன் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள். அவளே மறுபடி ஆரம்பித்தாள். "அந்த நாப்பது பொண்ணுங்க டீயை ஆறவிட்டு ஆடுனாங்களே, அப்படி ஒரு பொண்ணும் போனே பண்ணலைன்னு எழுதிக் கொடுக்கணும். ஆறாம் நம்பர் பெட்டு மனுசனும் பேசல. நானும் எதையும் கேக்கல. காதுலயே பூ சுத்துற வேலை. அதுவும் என் காதுல, என் கையாலயே."

"அப்பப் போடாத."

"நீங்க ஒரு பக்கமா பேசுங்க!"

"நான் பஸ் ஓட்டுறவன்டி. நீ எந்தப் பக்கம் இண்டிகேட்டர் போடுறியோ அந்தப் பக்கம் வழி விடுறேன்," என்றான் அவன். அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

மறுநாள் அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். "வேற எதை வேணா எழுதித் தர்றேன் சார். இது பொய்."

தலைவருக்கு வந்ததே கோபம்! "இவளை இந்த நிமிடமே பணிநீக்கம் செய்யுங்கள்," என்று குதித்தார். அங்கேதான் நிர்வாக அதிகாரி விதிப்புத்தகத்தோடு நுழைந்தார். அவருக்குப் புத்தகத்தைத் தவிர வேறு சொந்தபந்தம் கிடையாது.

"முடியாது ஐயா. தற்காலிகப் பணியாளர் என்பவர் விதிப்படி பணியிலேயே இல்லை. பணியில் இல்லாதவரை எப்படிப் பணிநீக்கம் செய்வது? தணிக்கையில் மாட்டிக்கொள்வோம்."

"அதற்கு என்ன வழி?"

"முதலில் நிரந்தரமாக்க வேண்டும். பிறகு நீக்கலாம். இடையில் குறைந்தபட்சம் ஒரு மணி நேரம் பணிக்காலம் இருக்க வேண்டும்."

அப்படியே முடிவானது. திங்கட்கிழமை காலை போனக்காவிடம் ஒரே உறையில் இரண்டு உத்தரவு கொடுத்தார்கள். காலை பத்து மணி முதல் நிரந்தரம். பதினொரு மணி முதல் பணிநீக்கம். பண்டகசாலைக்காரர் முதுகு வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும், பதினொரு மணிக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு முன்கூட்டியே இன்னொரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பணிக்காலம் சட்டப்படி நிறைவேறுகிறதா என்று பார்க்கத் தலைவரும் இயக்குநரும் நிர்வாக அதிகாரியும் கடிகாரத்தோடு அறைக்குள்ளேயே நின்றார்கள்.

பத்து மணி. போன் அடித்தது. போனக்கா எடுத்தாள்.

"அந்த வாமோஸ் பாட்டு இன்னிக்காவது போடுவீங்களா?" என்றது ஒரு குரல்.

அவள் சீட்டை எழுதினாள். எழுந்திருக்கவில்லை. நேராகத் துவாரத்தில் தள்ளினாள்.

"அதிகாரி கையெழுத்து!" என்று கத்தினார் தலைவர்.

நிர்வாக அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் வெளுத்தது. "நிரந்தரப் பணியாளர் எழுதும் சீட்டுக்குக் கையெழுத்துத் தேவையில்லை ஐயா. பீரோவைத் திறந்து கொடுத்தாக வேண்டும். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஒலிபரப்பக் கூடாது என்று யாரும் எழுதவில்லை."

"எழுதியது யார்?"

"நீங்கள்தான் ஐயா."

வெண்கலம் சீட்டை வாசித்தார். அன்றைக்கு அவர் குரலில் உப்புப் போட்டது போல ஒரு ருசி. பாட்டு வந்தது. முடிவதற்குள் அடுத்த சீட்டு. அதுவும் அதே பாட்டு. ஒரு லாரிக்காரர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்து குணமாகி வீட்டுக்குப் போனவரே கேட்டார். பத்து இருபத்தெட்டுக்குத் தையல் ஆலைப் பெண் பேசினாள். "அக்கா, நிஜமாவா? இதோ எல்லாரையும் கூப்பிடுறேன்," என்று போனை வைக்காமலே ஓடினாள். அந்தப் பக்கம் நாற்பது நாற்காலி ஒரே சமயத்தில் நகருகிற சத்தம் போனக்கா காதில் விழுந்தது. அவள் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இனிமேல் என்ன வந்தாலும் வரட்டும் என்று தோன்றியது.

தலைவர் வியர்த்துக் கொட்டி நின்றார். நிலையத்தின் ஏசியெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பத்து ஐம்பத்தெட்டுக்குக் கடைசிச் சீட்டு போனது. பதினொன்று அடித்தபோது பாட்டு பாதியில் இருந்தது. "நிறுத்துங்கள்!" என்றார் தலைவர். தொடங்கிய பாட்டை நடுவில் நிறுத்தக் குழுவின் ஏழு கையெழுத்து வேண்டும் என்றார் நிர்வாக அதிகாரி. மற்ற ஆறு பேரும் எங்கே என்று விசாரித்தார்கள். கீழே கேன்டீனில், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் சுளுக்கு.

போனக்கா எழுந்து நாற்காலியை ஒப்படைத்தாள். ஆனால் போகவில்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து மிச்சப் பாட்டைக் கேட்டாள். இத்தனை நாளும் போன் அடித்துக்கொண்டே இருந்ததால் அவள் அதன் கடைசிப் பகுதியைக் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

போன் மறுபடி அடித்தது. எடுக்க இப்போது ஆள் கிடையாது. அது பாட்டுக்கு அடித்தது. நிர்வாக அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், தலைவர் சுவரைப் பார்த்தார். கடைசியில் இயக்குநரே எடுத்தார். ஒரு நிமிடம் கேட்டார். அவருக்கு வேர்த்தது. போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்பி, மெதுவாக, "என்னம்மா எழுதுறது?" என்றார்.

"அவங்க கேட்டதை எழுதுங்க சார்," என்றாள் போனக்கா. "அவ்வளவுதான் வேலை."